‘இன்டர்வீன்’ என்ற சொல்லுக்குப் பத்து வாக்கியங்கள்

1

பக்கத்து வீட்டு சரோஜம்மா குளியலறையில் விழுந்து நேற்றோடு ஒரு வருடம். அவர் விழுந்து கிடந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், நான் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன் என்றும் சேர்த்து எழுத வேண்டும். கேட்பதுதான் என் வேலை.

ஆரணியில் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நேற்று அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொன்னேன். பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் மாடியில் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க என்னையும் என் மனைவி ஜெயந்தியையும் விட்டால் ஆள் கிடையாது. சரோஜம்மா படித்தது கன்னடப் பள்ளி. என் மகள் இனியாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெயர்ப்பலகையில் தன் பெயரைக்கூடப் படம் பார்ப்பதைப் போலத்தான் பார்ப்பாள். ஆகவே உங்கள் பத்திரிகையில் எழுதுவது, இந்த ஊரைப் பொறுத்தவரை, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுதான். உரக்கப் பேசலாம். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

2

இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடங்களில் என்னென்னவோ செய்தேன். கடைசியில் எனக்குச் சோறு போடுவது, வரும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த மொழிதான். ஒரு நிறுவனம். ஆங்கிலச் சொல் ஒன்றை அனுப்புவார்கள். அதற்குத் தமிழில் பொருள் எழுதி, பயன்பாட்டுக்குப் பத்து வாக்கியங்கள் எழுத வேண்டும். சில வாரங்கள் கழித்து அந்த வாக்கியங்களை யார் யாரோ வாசித்த ஒலித்துண்டுகள் என்னிடமே திரும்பி வரும். நான் எழுதியதும் அவர்கள் வாசித்ததும் ஒன்றா என்று கேட்டுப் பார்த்து, ‘சரி’, ‘தவறு’, ‘எழுத்தில் இல்லாதது’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். எல்லாம் இயந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பதற்காக. வாசிப்பவர்களின் முகம் தெரியாது. திருநெல்வேலியில் ஒரு பெண்ணாக இருக்கலாம், திருத்தணியில் ஒரு கிழவராக இருக்கலாம். என் வாக்கியங்களை என் காதுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்ட வாக்கியத்தை ஒருமுறை வாயால் திருப்பிச் சொல்வேன். மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். அப்படிச் சொன்னால்தான் எங்கே ஒரு அசை விழுந்தது, எங்கே ஒரு சொல் மாறியது என்று பிடிபடும். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவனுக்குத் தன் குரல் எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பது தெரியாது. “தெரு முக்கு வரைக்கும் கேக்குது, ஏதோ மந்திரம் சொல்ற மாதிரி” என்று ஜெயந்தி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

சென்ற வருடம் ஒரு வாரத்துக்கு வந்த சொல் ‘இன்டர்வீன்’. செயலில் இறங்குவது பற்றிய சொல் என்று குறிப்பு இருந்தது. தலையிடு என்று எழுதினேன். அடித்தேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது. மருத்துவர் செய்வார், நீதிமன்றம் செய்யும், ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. தமிழில் தலையிட்டவனைப் பார்த்து முதல் கேள்வியே ‘உனக்கென்ன?’ என்பதுதான். குறுக்கிடு என்றால் பேச்சைக் கெடுப்பவன். இடையில் புகு என்றால் திருடன்போல இருக்கிறது. நடவடிக்கை எடு என்றால் அது அரசாங்கம். எடுக்கும், எப்போது என்று தெரியாது. ஒரு மனிதன் தன் நாற்காலியை விட்டு எழுந்து, இன்னொரு மனிதனின் துன்பத்துக்குள் நுழைவதற்குக் குற்றமில்லாத ஒரு சொல் வேண்டும். நாள் முழுக்கத் தேடினேன். கிடைக்காமல், அடித்த தலையிடு என்பதையே மறுபடி எழுதினேன்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் வெறுமனே நடுவில் கிடப்பதற்கும் ஆங்கிலத்தில் அதைச் சொல்கிறார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆறு கிடக்கிறது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே வருடங்கள் கிடக்கின்றன. அதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும். என் மேசைக்கு எதிரே இருந்ததைப் பார்த்துப் பத்தாவது வாக்கியத்தை எழுதி முடித்தேன்: ‘எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது.’

3

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜம்மாவின் குளியலறை. காலையில் வாளி நிறையும் சத்தத்தை வைத்து நான் மணி சொல்வேன். துணித் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். கூட ஒரு சாம்பல் நிறப் பூனை.

குடிவந்த அன்று படியில் அவரைப் பார்த்ததும் என் கையிருப்பில் இருந்த கன்னடத்தை எடுத்து வீசினேன். அவரும் கன்னடத்தில் பதில் சொன்னார், வெண்ணெய்போன்ற கன்னடம். அதிலிருந்து ஒன்பது வருடங்கள் எங்களுக்குள் அதே பேச்சு.

“ஊட்டா ஆய்த்தா சார்?” சாப்பிட்டாயிற்றா என்று.

“ஆய்த்து மேடம். நிம்து?” ஆயிற்று, உங்களுக்கு என்று.

“ஆய்த்து.”

தண்ணீர் வந்ததா என்று சில நாள். மழை வருமா என்று சில நாள். அதற்குமேல் போனால் என் இலக்கணம் நொண்டும். ஆகவே அதற்குமேல் போனதில்லை. என் கன்னடத்தில் ஒரே ஒரு சொல்தான் பிறந்த ஊர்க்காரனைப்போல் வரும்: கொத்தில்ல. தெரியாது என்று பொருள். இந்த ஊரில் நான் முதலில் கற்ற சொல் அது. அரசு அலுவலகத்தில், ஆட்டோவில், தண்ணீர்ப் பிரச்சினை சூடாகும் வாரங்களில் வண்டி எண்ணைப் பார்த்து யாராவது எதையாவது கேட்கும்போது, அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டால் போதும். கடந்து போய்விடலாம்.

என் அப்பா இதற்கு நேர்மாறு. பஸ் கண்டக்டர். ஆரணி பஸ் ஸ்டாண்டில் எவன் எவனை அடித்தாலும் விசிலை வாயில் வைத்தபடி நடுவில் போய் நிற்பார். சட்டைப் பை கிழியாத மாதம் கிடையாது. “இன்னிக்கு யாருக்குத் தலையக் குடுத்துட்டு வந்த?” என்று அம்மா கேட்டுக்கொண்டே பையைத் தைப்பாள். நான் பெங்களூருக்குக் கிளம்பியபோது அம்மா சொன்னது ஒன்றுதான். “அது நம்ம ஊரு இல்ல. உங்கப்பன் மாதிரி எதுலயும் தலையக் குடுக்காத.” கொடுக்கவில்லை. பதினாறு வருடங்களில் என் சட்டைப் பை ஒருமுறைகூடக் கிழிந்ததில்லை.

4

அன்று செவ்வாய்க்கிழமை. ஜெயந்தி வேலைக்கும் இனியா கல்லூரிக்கும் போய்விட்டார்கள். நான் பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது சரோஜம்மாவின் கதவில் பால் பை தொங்கியது. பத்து மணிக்குக் குப்பை வைக்கத் திறந்தபோதும் தொங்கியது. பை கனத்திருந்தது, அடியில் வியர்த்துச் சொட்டியது. பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே வந்தால் ஜன்னலில் அந்தப் பூனை. ஒருபோதும் எங்கள் பக்கம் வராதது, கம்பிக்கு வெளியே உட்கார்ந்து என்னையே பார்த்தது. “ஹோகு, ஹோகு” என்று கன்னடத்தில் விரட்டினேன். கன்னடக்காரர் வீட்டுப் பூனை அல்லவா. அது இமைக்கவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டினேன். இடது காதுப் பஞ்சு கிழிந்த பழைய ஹெட்ஃபோன். அன்றைக்கு வந்திருந்தவை ‘இன்டர்வீன்’ வாக்கியங்களின் ஒலித்துண்டுகள். ஒரு இளைஞன் வாசித்தான்: ‘சண்டை முற்றுவதற்குள் ஆசிரியர் தலையிட்டார்.’ சரி. ஒரு பெண் வாசித்தாள்: ‘யாரும் தலையிடாததால் அவர் இறந்தார்.’ சரி. அந்த வாக்கியத்தை நான்தான் எழுதியிருந்தேன். எதை நினைத்து எழுதினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த துண்டின் முடிவில் வேறொரு குரல் வந்தது. வயதான பெண். வெகு தூரத்திலிருந்து, கிணற்றுக்குள் குரல்போல.

“யாராச்சும் வாங்களேன்.”

வழக்கப்படி திருப்பிச் சொன்னேன். “யாராச்சும் வாங்களேன்.” என் பட்டியலில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. நான் எழுத்துத் தமிழில் மட்டும்தான் எழுதுவேன். ‘எழுத்தில் இல்லாதது’ என்று குறித்தேன். குறித்த நேரம் அட்டவணையில் தானாக ஏறும். பதினொன்று பதினேழு.

உறுதி செய்துகொள்ள அந்தத் துண்டை மறுபடி ஓட்டினேன். அந்தக் குரல் அதில் இல்லை.

அரை மணி கழித்து, வேறொரு துண்டுக்கு நடுவே, அதே பெண். “கதவத் தட்டுங்களேன் யாராச்சும்.” திருப்பிச் சொன்னேன், குறித்தேன், மறுபடி ஓட்டினேன். இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். மின்விசிறி. யாரோ வீட்டில் குக்கர். தொலைவில் மெட்ரோ. சுவர் சுவராக இருந்தது.

என் மேலாளர் நவீன், என் வயதில் பாதி. அவனுக்குப் போன் செய்தேன்.

“நவீன், இந்த ஃபைல்ல ஒரு லேடி வாய்ஸ் வருது. ஸ்கிரிப்ட்ல இல்லாதத பேசறாங்க. திரும்பக் கேட்டா இருக்கறதில்ல.”

“மிக்ஸ் ஆயிருக்கும் சார்.”

“கூப்பிடற மாதிரி இருக்குப்பா.”

“சார், நீங்க டெய்லி எட்டு மணி நேரம் வாய்ஸ் கேக்கறீங்க. எனக்கே தூக்கத்துல பக்கத்துல யாரோ நம்பர் படிக்கறாங்க. ஃபிளாக் பண்ணிட்டு நெக்ஸ்ட் போங்க. நீங்க எதுவும் பண்ண வேணாம், டீம் பாத்துக்கும்.”

நிம்மதியாக இருந்தது. பார்த்துக்கொள்ள ஒரு டீம் இருக்கிறது.

அதன்பின் இரண்டு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் மெலிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் நான் திருப்பிச் சொன்னேன், குறித்தேன். கடைசியாக ஒன்று நாற்பதுக்கு.

“ஏங்க… கேக்குதா?”

“ஏங்க, கேக்குதா” என்று நானும் சொன்னேன், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

அதற்குப் பிறகு வரவில்லை. நான் சாப்பிட்டேன். மதியத்துக்கு மேல் வேலை சுலபமாக ஓடியது. ‘சுலபமாக’ என்பதை அடித்துப் பார்த்தேன். ஆனாலும் அந்த வார்த்தையை மாற்ற முடியாது. சுலபமாகத்தான் ஓடியது. பூனை மட்டும் ஜன்னலை விட்டுப் போகவில்லை.

5

மூன்றரைக்கு இனியா வந்தாள். பையைச் சோபாவில் எறிந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னப்பா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?”

சிரித்துக்கொண்டே சொன்னேன். காலையிலிருந்து ஒரு பாட்டியம்மா என் காதுக்குள் வந்து, வாங்களேன், தட்டுங்களேன் என்று கூப்பிட்டதை, அந்தக் குரலிலேயே செய்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“திருப்பிப் பண்ணுங்க.”

பண்ணினேன்.

“அப்பா, அது சரோஜா ஆன்ட்டிப்பா.”

“அவங்க கன்னடக்காரங்கடி.”

“யார் சொன்னா? தங்கவயல் அவங்க. வீட்ல தமிழ்தான். பூனைகிட்டகூட தமிழ்லதான் பேசுவாங்க.”

“நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“இதுல சொல்ல என்னப்பா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே அவள் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தாள்.

முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர் ஒன்றுதான். ஏறிக் குதித்தேன். ஏதோ ஒரு கம்பியில் மாட்டிச் சட்டைப் பை கிழிந்தது. பூனைக்காக அவர் எப்போதும் ஒருக்களித்து வைத்திருக்கும் கதவு. தள்ளினால் திறந்துகொண்டது. ஒன்பது வருடங்களாக, தள்ளினால் திறக்கும் கதவு.

அவர் குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்புக்குக் கீழே கால் வேறு யாருடையதோபோலத் திரும்பியிருந்தது. நெற்றி சுவரில் ஒட்டியிருந்தது. என் மேசை இருக்கும் சுவர். கண் திறந்திருந்தது. செத்துவிட்டார் என்று நினைத்தேன். இனியா குனிந்து, “ஆன்ட்டி, நான் இனியா” என்றாள். கண் அவளிடம் நகர்ந்தது. பிறகு என்னிடம் வந்தது. நான், “மேடம், பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்றேன்.

தமிழில் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம். அதைக் கேட்டதும் அவர் உடம்பு நடுங்கத் தொடங்கியது. இனியா துண்டை எடுத்துப் போர்த்தினாள். தரை குளிர்ச்சி என்று நினைத்தோம்.

6

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம். நோயாளிக்கு நீங்கள் யார்? கணவர், பிள்ளை, உடன்பிறந்தவர், மற்றவை. ‘மற்றவை’யில் குறியிட்டேன். விவரம் எழுதும் கட்டத்தில் பக்கத்து வீடு என்று எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் தள்ளினார். உறவினர் கையெழுத்து இல்லாமல் அறுவை சிகிச்சைக்கு எடுக்க மாட்டார்களாம். இனியா அவரிடம் கன்னடத்தில் சண்டை போட்டாள். என் மகளா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வேகத்தில், அந்தக் கோபத்தில், அவள் இந்த ஊர்க்காரி. கடைசியில் தங்கவயலில் இருந்த அக்கா மகன் போனில் சம்மதம் சொல்ல, ‘மற்றவை’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மருத்துவர் இளம்பெண். “விழுந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தோராயமாகச் சொன்னால் போதும்” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பதினொன்று பதினேழுக்கு முன்னால்” என்றேன். “ஒன்று நாற்பது வரை நினைவு இருந்தது.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “இவ்வளவு சரியாக எப்படித் தெரியும்? கூட இருந்தீர்களா?”

“இல்லை. பக்கத்தில் இருந்தேன்.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சரோஜம்மா பிழைத்தார். மூன்று வாரம் கழித்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். படியில் பார்த்து, தமிழில் என்ன பேசலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் கேட்டார். “ஊட்டா ஆய்த்தா சார்?” ஆய்த்து என்றேன். சுவர் மறுபடி அதன் இடத்தில் வந்து நின்றுகொண்டது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

7

நேற்று கேசரி செய்திருந்தார். என்னை மட்டும் கூப்பிட்டுக் கதவைத் திறந்து, “உள்ள வாங்க சார், நிக்கறீங்களே” என்றார். தமிழில். பூனை என்னைப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“ஒரு வருசம் ஓடிப் போச்சு சார். நீங்களும் பாப்பாவும் இல்லன்னா இன்னைக்கு போட்டோவுல இருப்பேன்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க. ஆனா மேடம், தமிழ்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஒன்பது வருஷம்.”

அவர் சிரித்தார். “நீங்கதான சார் மொதல்ல ஆரம்பிச்சீங்க. நீங்க தமிழுன்னு அன்னைக்கே தெரியும். செவுரு என்னா கனம்? ஒரு மனுசன் கஷ்டப்பட்டு பேசறாரு, நடுவுல பூந்து எதுக்குக் கெடுக்கணும்னு உட்டுட்டேன்.”

நானும் சிரித்தேன். கேசரி நன்றாக இருந்தது. நெய் தாராளம். அவர் வாக்கரை இழுத்து அருகில் வைத்துக்கொண்டு, பிடியைத் தடவியபடி இருந்தார்.

“ஒண்ணு கேக்கணும் சார். பைத்தியக்காரின்னு நெனைக்கக் கூடாது. பாப்பாகிட்ட சொல்லல, பயந்துக்கும். எங்க அக்கா மகன்கிட்டயும் சொல்லல.”

“சொல்லுங்க.”

“அன்னைக்கு நான் கூப்பிட்டேன் சார். தெம்பு இருந்த வரைக்கும் கூப்பிட்டேன். யாராச்சும் வாங்களேன்னேன். செவுத்துக்குள்ள இருந்து ஒரு ஆம்பளக் கொரலு, யாராச்சும் வாங்களேன்னு சொல்லிச்சு. நான் சொன்னதையே. கோவமும் இல்ல, கிண்டலும் இல்ல. உசுரே இல்லாத கொரலு. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதையே சொல்லிச்சு. கேக்குதான்னு கேட்டேன் சார். கேக்குதான்னு அதுவும் கேட்டுச்சு.”

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். அந்தச் சின்னச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“அப்பத்தான் பயம் வந்துச்சு. விழுந்ததுக்குக்கூட அவ்ளோ பயம் வரல. சாவுதான் வந்து உக்காந்திருக்கு, நாம பேசப் பேச நம்ம வார்த்தைய ஒண்ணொண்ணா வாங்கிக்குதுன்னு தோணிச்சு. எல்லாத்தையும் வாங்கிட்டா முடிஞ்சிடும்னு வாய மூடிக்கிட்டேன். தெம்பு இருந்துச்சு சார். இன்னும் கூப்பிட்டிருப்பேன். அந்தக் கொரலாலதான் நிறுத்திட்டேன்.”

ஒன்று நாற்பதிலிருந்து மூன்றரை வரை. நான் சாப்பிட்ட நேரம். வேலை சுலபமாக ஓடிய நேரம். அவர் மயங்கிவிட்டதால் குரல் நின்றது என்றே ஒரு வருடமாக நம்பியிருந்தேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவன் என்று என்னை நானே ஒருவாறு மன்னித்தும் வைத்திருந்தேன். அன்று முழுக்க நான் ஒரே ஒரு காரியம் செய்திருக்கிறேன். அவர் வாயை மூடியிருக்கிறேன்.

“யாரா இருக்கும் சார் அது?” என்று கேட்டார்.

சொல்ல வேண்டிய வாக்கியம் தமிழில் தயாராக இருந்தது. நான்கு சொல்கூட இல்லை. பத்து வாக்கியம் எழுதுபவனுக்கு அது ஒரு பெரிய வேலையல்ல. எழுந்தேன். கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன். என் வாயிலிருந்து வந்தது அது அல்ல.

“கொத்தில்ல மேடம்.”

மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

சரோஜம்மா கிண்ணத்தைப் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். பிறகு, அதேபோல் மெதுவாக, அதே குரலில், அவரும் சொன்னார்.

“கொத்தில்ல.”